பட்டாசலில் உதிர்ந்த பேச்சு

குத்தாலிங்கம் வீட்டு முன்கூடமான பட்டாசலில் பேச்சு தரையில் விழ ஆரம்பித்ததற்கு முந்தின காலத்தில், அந்த வீட்டில் பேச்சு எங்கேயுமே விழாது. வாயைவிட்டுக் கிளம்பி, எதிர்ச்சுவரில் முட்டி, அங்கிருந்து கறுப்புக் கிரானைட் தரையில் குதித்து, தரையிலிருந்து மோட்டுக்கு எகிறி, மோட்டில் ஃபேன் றெக்கையோடு சுற்றிக் கிறுகிறுத்துப்போய் இறங்கி வரும்போது, சொன்னவளுக்கே அது தான் சொன்னதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு டம்ளர் கைதவறினால் ஒரு பாத்திரக்கடையே சரிந்ததுபோல இருக்கும். ஒருத்தர் தும்மினால், தெருவில் போகிறவர்கள் உள்ளே விருந்தாட்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மகள் உமையாள் ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, பிள்ளை ஒருதரம் அழுதது, அந்த அழுகை சுவரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டுப் பயந்து இன்னொருதரம் அழுதது, அதுவும் திரும்பி வந்தது, கடைசியில் பிள்ளையைத் தெருவிலே தொட்டில் கட்டித்தான் தூங்கவைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கிரானைட், மில்லிலிருந்து ரிட்டயரான கையோடு குத்தாலிங்கம் ஆசை ஆசையாகப் போட்டது. குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். மோட்டையும் ஓடைக்கரைத் தெருவில் யாருக்கும் இல்லாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார், காற்று வரட்டும் என்று. காற்று வந்தது. ஆனால் மில் அவரை அனுப்பிவைத்தபோது கழுத்துக்கு மாலையைப் போட்டுவிட்டுக் காதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நூல் முறுக்கும் மிஷின்களுக்கு நடுவே நின்ற காது, மிஷின் நின்றபிறகும் இரைந்துகொண்டே இருந்தது. திருநெல்வேலிக்குப் போய்க் காது மிஷின் ஒன்று வாங்கி மாட்டினார்கள். டீக்கடை வாசலில் அது நன்றாகத்தான் வேலை செய்தது, ஆற்றுப்படித்துறையில் அடுத்த படியில் நிற்பவர் பேச்சைக்கூடப் பிடித்துக் கொடுத்தது. வீட்டுக்குள் காலை வைத்ததும் எல்லாச் சத்தத்தையும் ஒரே பானையில் போட்டுக் குழைய வடித்துக் காதில் கொட்டியது. மனிதர் என்ன செய்வார்? பெண்டாட்டி வடிவு எதைச் சொன்னாலும் "ம்" என்றார்.

சண்முகவடிவு வாயாடி என்று தெருவில் பெயரெடுத்தவள். புருசனோடு பேசாமல் ஒருவேளைச் சோறு இறங்காது அவளுக்கு. மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை வாசலிலேயே மறித்து, செருப்பைக் கழற்றுமுன் பாதிக்கதையைச் சொல்லி முடித்திருப்பாள். அவரும் சும்மா கேட்கிறவர் இல்லை, எதிர்க்கேள்வி போடுவார், "அவ அப்படிச் சொல்லிருக்க மாட்டாளே" என்று மடக்குவார், கதை சண்டையாகும், சண்டை சிரிப்பாகும். அதெல்லாம் போய் இப்போது "ம்" மட்டும் மிஞ்சியது. குழம்புக்கு இம்புட்டுப் புளி காணுமா? ம். உமையாள் வீட்டுக்கு வைகாசியில் போவோமா? ம். எனக்குத் தலை சுற்றுதுங்க. ம். கிணற்றில் கல் போட்டால்கூடத் தண்ணீர் கலங்கும். இது கல்லுக்கு மேலே கல் போட்ட மாதிரி இருந்தது வடிவுக்கு. அவளுக்கு வேண்டியது வேறொன்றுமில்லை, அந்த "ம்" ஒழிய வேண்டும், அந்த மனிதரிடமிருந்து ஒரு பதில் வர வேண்டும். திட்டானாலும் சரி.

காது மிஷின் கொடுத்த பெண்பிள்ளையிடமே போய்ச் சண்டை போட்டாள். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, மிஷின்ல குறை இல்ல. உங்க வீட்டுத் தரைதான் குறை. கல்லுல சத்தம் நிக்காதும்மா, அடிச்சுப் பாய்ஞ்சிட்டே இருக்கும். நல்ல கெட்டி மரத்துல பலகை அடிச்சுத் தளம் போட்டுப் பாருங்க, சத்தம் அடங்கும்" என்றது.

"நம்ம பட்டாசலுக்கு மரத்துல தரை போடுவமா?" என்று கேட்டாள் வடிவு, பஸ்ஸில் திரும்பி வரும்போது.

"ம்" என்றார் குத்தாலிங்கம்.

செங்கோட்டை மர டிப்போவில் வேங்கை மரமாகப் பார்த்து எடுத்து அறுத்து, வேனில் ஏற்றிக் கொண்டுவந்தவர் தாணு ஆசாரி. பலகைகளைப் பட்டாசலின் நடுவில் அடுக்கி, காற்றோட்டத்துக்கு ஊடே ஊடே சட்டம் வைத்து, உளியைக்கூட எடுக்காமல் சட்டையை மாட்டினார்.

"என்ன ஆசாரியாரே, வேலைய ஆரம்பிக்காம கிளம்புதிய?"

"அக்கா, மரம்னா புது மருமக மாதிரி. வந்த அன்னைக்கே இழுத்துவச்சு ஆணி அடிக்கப்படாது. உங்க வீட்டுக் காத்து, உங்க வீட்டு ஈரம், வெக்கை எல்லாத்துக்கும் பழகணும். பழகாம அடிச்சம்னா நாளைக்கு முறுக்கிட்டு நிக்கும், பொறவு நீங்க என்னத்தச் சொன்னாலும் படியாது. அடுத்த அமாவாசை கழிஞ்சு வாரேன்."

வேறு ஊராக இருந்தால் பலகையைப் பலகையாக விட்டிருப்பார்கள். ஓடைக்கரைத் தெருக்காரர்களுக்கு, வீட்டுக்குப் பழக வந்த ஒன்றை வாய் பேசாமல் உட்கார்த்தி வைப்பது மரியாதையாகத் தெரியவில்லை. பக்கத்துவீட்டு பிரம்மசக்தி வந்து அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு தன் மாமியாரைப் பற்றி மரத்திடம் சொன்னாள். வடிவோ, பதில் சொல்லாத புருசனுக்குப் பதில் சொல்லாத மரம் பரவாயில்லை என்று, காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும் மேல்பலகையில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்: எந்தக் குழாய் ஒழுகும், எந்த நாத்தனார் குத்திப் பேசுவாள், எந்த ஜன்னல் வழியாக வெயில் வரும், எல்லாவற்றையும் அறிமுகப்படுத்துவாள். முடிக்கும்போது தினமும் ஒரே வார்த்தைதான். "இந்தா பாரு, நான் பேசுதது ஒண்ணும் வீணாப் போயிரப்படாது. சுவத்துக்கும் மோட்டுக்கும் விட்டுராத. பிடிச்சு வையி. அவரு எடுத்துக்கிடட்டும்."

தேக்கு என்றால் கேட்டும் கேட்காததுபோல இருந்துகொள்ளும் என்று பின்னால் தாணு ஆசாரி சொன்னார். வேங்கை அப்படியில்லை, சொன்னால் சொன்னபடி நிற்கிற சாதி.

அமாவாசை கழிந்தது. கிரானைட்டுக்கு மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு, அதற்கு மேலே பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்காரும்படி தட்டித் தட்டி, பட்டாசல் முழுவதையும் மூடினார் தாணு. கடைசிப் பலகையை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சதுக்கா, காப்பி இருந்தாக் குடுங்க" என்றார். சொன்ன சொல் அவர் காலடியில் மெல்லிசாக, மஞ்சளாக, இழைப்புளியில் சீவின சுருள்போல விழுந்தது. தன் வேலையில் உதிர்ந்ததுதான் என்று நினைத்து எடுத்துச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

"சீனி போடலாம்லா?" என்றாள் வடிவு. அதுவும் விழுந்தது. குனிந்து பார்த்தாள். "பரவால்லயே, நல்லாத்தான் பிடிக்குது" என்றாள். அது கொஞ்சம் பெரிய சுருளாக விழுந்து, உருண்டு, சுவரோரம் போய் நின்றது.

இப்படித்தான் ஆரம்பித்தது. பட்டாசலில் யார் எதைப் பேசினாலும் எதிரே இருப்பவருக்கு ஒருதரம் தெளிவாகக் கேட்கும், கேட்ட கையோடு தரைக்கு வந்துவிடும். சுவர்ப்பக்கம் போகிற ஜோலியே இல்லை. புறணி பேசினால் சல்லிசான சுருள், ஃபேன் காற்றுக்குப் பறக்கும். திட்டினால் ஓரத்தில் சிராம்பு இருக்கும், வெறுங்கையால் எடுக்க முடியாது. குக்கர் விசில் ரிப்பன் மாதிரி நீளமாக விழும். இருமல் வெறும் தூள். டிவி விளம்பரம் மட்டும் பிசின்போலத் தரையில் ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் வராது. எந்தச் சுருளையும் எடுத்துக் காதோடு வைத்துப் பிரித்தால், சொன்னவர் குரலிலேயே இன்னொருதரம் சொல்லும். சொல்லி முடித்ததும் விரலிடையில் மரத்தூளாக உதிர்ந்துவிடும். அவ்வளவுதான், மூன்றாந்தரம் கிடையாது.

குத்தாலிங்கம் அதைக் கண்டுபிடித்தது தற்செயல். பிரம்மசக்தி எட்டிப்பார்த்து, "ஏ மைனி, என்ன இது, வீடு பூரா சீவலாக் கெடக்கு, வாரியலை எடுக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அது அவர் மடியில் விழுந்தது. பல் குத்தவோ காது குடையவோ ஆகும் என்று எடுத்துக் காதுக்குள் விட்டார். காதுக்கும் சொல்லுக்கும் நடுவே வீடு என்று ஒன்று இல்லாமல் போனதால், பிரம்மசக்தி அவர் மண்டைக்குள்ளேயே நின்று கேட்டாள். மனிதர் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடி, "வாங்க தங்கச்சி, வாரியல் மூலைலதான இருக்கு!" என்று கத்தினார். பிரம்மசக்தி அதற்குள் வீட்டுக்குப் போய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இருந்தாலும் பதில் பதில்தானே என்று வந்து கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தெரு இதற்கெல்லாம் அசந்துபோகவில்லை. குழாயில் தண்ணீர் வந்த முதல் நாளிலும் அசரவில்லை, அது நின்றுபோன நாளிலும் அசரவில்லை. ஒரு வீட்டில் சத்தம் வெளியே போகாது என்றால் அதை என்னத்துக்கு உபயோகப்படுத்தலாம் என்றுதான் பார்த்தார்கள். முதலில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். வாய்விட்டுப் படித்ததைச் சுருளாக அள்ளிக்கொண்டு போய்ப் பரீட்சை அன்று காலையில் காதில் வைத்துப் பிரித்தார்கள். பிறகு புருசன் பெண்டாட்டிகள் வந்தார்கள். "மைனி, ஒரு கால்மணி நேரம் பட்டாசல் கிடைக்குமா? வீட்ல மாமியா இருக்கா, நிம்மதியா ஒரு சண்டை போட முடியல." வடிவு கதவைச் சாத்திக் கொடுப்பாள். சண்டை முடிந்ததும் அவரவர் பேசினதை அவரவரே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவதுபோல, வெளியே போகும்போது வாரியலை எடுப்பதும் மரியாதையாயிற்று. பேசிவிட்டுக் கூட்டாமல் போகிறவனைத் தெருவில் யாரும் மதிக்கவில்லை.

வார்டு கவுன்சிலர் ஒருநாள் வந்து, ஓடைக்குப் பாலம் கட்டித்தருவதாகக் கால்மணி நேரம் பேசினார். முழங்கால் உயரத்துக்குச் சுருள் குவிந்தது. அவர் போனபிறகு ஆசையாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தொண்டையைச் செருமுகிற சத்தம்தான் கேட்டது. பிரம்மசக்தி விவரமானவள். தன் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை இங்கேயே உட்கார்த்தி, மாப்பிள்ளையின் அம்மா "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்" என்று சொன்ன சுருளைக் கீழே விழுமுன் முந்தானையில் ஏந்தி, பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடி, அரக்கு வைத்துவிட்டாள். அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டில் பைக்கைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் டப்பாவை எடுத்து ஒருதரம் குலுக்குவாள். பேச்சு நின்றுவிடும்.

பஞ்சாயத்து வந்தது குப்பை வண்டியோடுதான். தள்ளுவண்டியில் வருகிற லீலா, கூட்டிக் கொடுத்த சுருளைப் பார்த்துவிட்டு வாங்க மாட்டேன் என்றாள்.

"இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா? பச்சை டப்பாவுல போடவா, நீலத்துல போடவா? சூப்பர்வைசர் கேப்பாரு, நான் என்ன சொல்ல?"

"மரம் மக்கும்லா, பச்சைல போடு."

"மரம் மக்கும். நேத்து மூலைவீட்டுக்காரி எங்கம்மாவப் பத்திச் சொன்னாளே, அது மக்குமா? இன்னும் எம் மனசுல அப்படியே கெடக்கு. நான் நீலத்துலதான் போடுவேன்."

தெருவே கூடி விவாதித்து, நல்லவார்த்தை மக்கும், திட்டு மக்காது என்று முடிவாயிற்று. அன்று முதல் வடிவு வீட்டு வாசலில் இரண்டு சாக்கு. அப்படியும் ஒருநாள் நீலச் சாக்கைப் பால்காரர் மாடு வாய்வைத்துவிட்டது. அது இரண்டு நாள் தெருவில் போவோர் வருவோரை எல்லாம், "உன் மூஞ்சியும் நீயும், நீ உருப்படுவியா?" என்று மூலைவீட்டுக்காரி குரலில் கேட்டுக்கொண்டே போயிற்று. மூலைவீட்டுக்காரி பாலை வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் நடுவில் குத்தாலிங்கம் ராஜாபோல இருந்தார். காது மிஷினை நகை போட்ட மாதிரி மாட்டிக்கொண்டு, கூட்டமும் கூச்சலுமான பட்டாசலில் அது வழக்கம்போலக் குழைசோறு வடிக்க, அதைச் சட்டை பண்ணாமல் ஜன்னலோரம் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆயுசு முழுக்க அறுந்த நூலைப் பார்த்தவுடன் பிடித்து முடிபோட்ட விரல்கள். கூட்டாமல் விட்டுப்போன சுருளில் எது யாருடையது, எது எதன் மிச்சம் என்று தொட்டாலே தெரிந்தது. பிய்ந்துபோன பேச்சைக்கூட ஒட்டுப்போட்டுக் கேட்டார். தெருவில் எல்லோருக்கும் பதில் வந்தது, ஒருநாள் தாமதமாக. முந்தாநாள் "அண்ணாச்சி சௌக்கியமா?" என்று கேட்டவனைக் கடைத்தெருவில் மறித்து, "சௌக்கியந்தான், முழங்காலுதான் கொஞ்சம்" என்பார். பிரம்மசக்தியின் கொழுந்தனுக்கு எந்த டாக்டர் நல்லது என்றார். மூலைவீட்டுச் சண்டையில் தப்பு யார் பேரில் என்றார். தாணு ஆசாரியோடு இழைப்புளி பிடிப்பதைப் பற்றி வாதாடினார்.

வடிவுக்கு மட்டும் "ம்".

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை, வருகிறவர்களுக்குக் காப்பி போடவே நேரம் போதவில்லை. கவனித்தபிறகு, தன் பேச்சு கும்பலோடு கும்பலாகக் கூட்டுப்பட்டுப் போகிறதோ என்று நினைத்து, அவர் காலருகிலேயே போய் நின்று பேசினாள். பேசி, சுருள் அவர் பாதத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தாள். மறுநாள் அவர் மூலைவீட்டுக்காரியின் தம்பிக்குப் பொண்ணு அமையாததைப் பற்றிக் கவலைப்பட்டார். வடிவு ஒரு சோதனை வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "நாளைக்கு நான் காசிக்குப் போறேன், சாமியாராப் போறேன், மொட்டை போடப் போறேன், இனிமே உங்களுக்குச் சோறு பொங்க ஆளில்ல" என்று சொன்னாள். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சுருள் விழுந்தது. மத்தியானம் வந்து பார்த்தால் அது தரையில் இல்லை. முறத்திலும் இல்லை, சாக்கிலும் இல்லை. மறுநாளும் அதற்குப் பதில் இல்லை. காசிக்குப் போகிறவளிடம், "லீலாவுக்கு வண்டி டயர் பஞ்சராம், பாவம்" என்றார் மனிதர்.

அன்றைக்கு அவர் கடைக்குப் போன நேரத்தில் வடிவு வீட்டைக் குடைந்தாள். பின்கட்டு அறையில், ரேஷன் அரிசி போட்டுவைக்கும் பழைய டிரம் மூடி சரியாக உட்காராமல் இருந்தது. தூக்கினாள். உள்ளே கழுத்துவரைக்கும் சுருள், வரிசை வரிசையாக, நூற்கண்டு அடுக்கின மாதிரி அடுக்கி வைத்திருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தான் போட்ட கோலம் தனக்குத் தெரியாதா? எல்லாம் அவளுடையது. மேலே, இடம் போதாமல் மடக்கி, காசி.

வடிவு டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் மரத்தளம் இல்லை, அதனால் அவள் அழுதது எங்கேயும் விழவில்லை.

சாயங்காலம் பட்டாசலில் பிரம்மசக்தியின் தங்கை மகளுக்கு நிச்சயதாம்பூலம் பேசுவதாக இருந்தது. வெற்றிலைத் தட்டும் சீனிக் கிண்ணமுமாக ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

"இன்னைக்குப் பட்டாசல் கிடையாது" என்றாள் வடிவு.

"ஏ மைனி, என்ன விளையாடுதியளா? மாப்ள வீட்டு ஆளுக வந்து நிக்காங்க!"

"நிக்கட்டும். ஒருத்தரும் உள்ள வரப்படாது." கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள். டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரம் குத்தாலிங்கத்துக்கு நேர் எதிரே நிறுத்தி, மூடியைத் திறந்து, பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

குத்தாலிங்கம் டிரம்மைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். காதில் விழாமலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஊர் நாயத்தை எல்லாம் உரிச்சு உரிச்சுக் கேக்கியளே, என் பேச்சு மட்டும் அரிசி டிரம்முக்கா?" அது சிராம்போடு விழுந்தது. அவர் கைநீட்டி எடுத்து, இந்தத் தடவை தப்ப வழியில்லாமல், காதில் வைத்தார்.

கேட்டுவிட்டுத் தூளை விரலிடையில் தேய்த்தார். பிறகு, காது மந்தமானவர்கள் பேசுவதுபோலச் சத்தமாகப் பேசினார். "பயமா இருந்துச்சுட்டீ. எத்தனை வருசமா 'ம்' போட்டேன். எதுக்கெல்லாம் போட்டேன்னு எனக்கே தெரியாது. ஊர்க்காரன் பேசுதது கதை, கேட்டுட்டுப் போயிரலாம். நீ பேசுததக் கேட்டா பதில் சொல்லணும்லா? இப்பப் போயி என்னத்தன்னு சொல்ல? அதான் அடுக்கி வச்சேன். ஒருநாள் தைரியம் வந்தா கேப்போம்னு."

"இப்ப எடுங்க" என்று கையைக் காட்டினாள் வடிவு.

எடுத்தார். முதல் சுருள், தேங்காய் தீர்ந்துவிட்டது என்றது. "வாங்கிட்டு வாரேன்" என்று எழப்போனார். "உக்காருங்க, அது போன மாசத்துத் தேங்கா" என்று தோளைப் பிடித்து அமர்த்தினாள். அடுத்தது, வேப்பமரத்தை வெட்டினதிலிருந்து கொல்லையில் வெக்கை தாங்கவில்லை என்றது. குத்தாலிங்கம் திடுக்கிட்டார்.

"வெட்டினமா? நான் அது புயல்ல சாஞ்சுதுன்னுலா நினைச்சேன்! யாரு வெட்டச் சொன்னா?"

"நீங்கதான். வெட்டிருவமான்னு கேட்டேன், ம்னிய."

அடுத்த சுருள் அவருடைய தங்கச்சி கோள்மூட்டிக் குடும்பத்தைக் கெடுக்கிறவள் என்றது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, என் தங்கச்சியா என்று எகிறினார், உங்க தங்கச்சியேதான் என்று இவளும் எகிறினாள், அவர் விழ விழ எடுத்துக் காதில் வைத்துப் பதில் போட்டார், நாத்தனார் கல்யாணத்தில் காணாமற்போன குத்துவிளக்கு வரைக்கும் போயிற்று, இரண்டு பேர் வாயிலிருந்தும் மழைபோலச் சுருள் கொட்டி முட்டி மறைந்தது, கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் பிரம்மசக்தி சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து, "கை ஓங்கல, வாய்தான் அசையுது" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவுக்கு மூச்சு வாங்கியது. மேனியெல்லாம் புது ரத்தம் ஓடினமாதிரி இருந்தது. எத்தனை காலமாயிற்று!

பிறகு அவர் டிரம்மின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். சின்னச் சுருள். அடுக்களை வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாமல் சொன்னது. இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன் போலிருக்கு, என்றது அது, தூளாயிற்று.

வடிவு தலையைத் திருப்பிக்கொண்டாள். அது அதற்குள் கிடப்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார் குத்தாலிங்கம். "நான் ஒருத்தன்தான் இருக்கேன்னு."

டிவி இல்லை, குக்கர் இல்லை, தெரு இல்லை. மரம் கீழே படுத்துக் கிடந்தது. தளம் போட்டதிலிருந்து முதல்முறையாக அந்தப் பட்டாசலில் வேறு சத்தமே இல்லாமல் இரண்டே பேர் இருந்தார்கள். எகிற ஒரு கல் இல்லை, முட்ட ஒரு கூச்சல் இல்லை. ஜன்னல் வெளிச்சம் பலகையின் மஞ்சளில் சாய்ந்து சிவந்துகொண்டு வந்தது. வடிவு காப்பி போடலாம் என்று கையை ஊன்றி எழுந்தாள். எழுந்தவள் சும்மா, வாய்ப்பழக்கத்தில், பதிலை எதிர்பார்க்காமல் கேட்டாள்.

"அடுக்களைக்கும் இதே மாதிரி பலகை அடிச்சிருவமா?"

"வேண்டாம்" என்றார் குத்தாலிங்கம்.

"ஏன்?"

"எண்ணெ சிந்தும். வழுக்கி விழுவ."

வடிவு அப்படியே நின்றாள். மெதுவாகக் கீழே பார்த்தாள். அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் தரைக்கு வந்து, இன்னும் ஆடி அடங்காமல், அவள் கால்விரலை உரசிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, யாரும் காதில் வைக்கவில்லை. விழுமுன்னமே, நடுக்காற்றில் வைத்தே பிடித்திருக்கிறார் மனிதர். பக்கத்திலேயே அவருடைய 'வேண்டாம்' கிடந்தது. சுருளாக இல்லை, கனமாக, கட்டையாக, முளைக்குச்சி நீளத்துக்கு. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். குத்தாலிங்கம் தன் காதையும் அதில் மாட்டின மிஷினையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இரண்டும் அங்கேதான் இருக்கிறதா என்று.

அவள் நாதாங்கியை இழுத்துக் கதவைத் திறந்தாள். வாசலில் இரண்டு வீட்டு ஆட்களும், லீலாவும், தாணு ஆசாரியும், வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்களும் நின்றார்கள்.

"என்னாச்சு மைனி?" என்றாள் பிரம்மசக்தி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு.

"வேண்டாம்னுட்டாரு!" என்றாள் வடிவு. கண்ணில் தண்ணீரும் வாயெல்லாம் பல்லுமாக, பேரப்பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எம் முகத்தைப் பாத்து, நேரா, வேண்டாம்னுட்டாரு!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு பொம்பிளை இத்தனை சந்தோசமாக ஒன்றைச் சொன்னால் அது நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று ஓடைக்கரைத் தெருவுக்குத் தெரியாதா? பிரம்மசக்தி நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுவந்த சீனிக் கிண்ணத்திலிருந்து அள்ளி முதல் ஆளாக வடிவின் வாயில் போட்டாள், மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தாள், கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. "என்னத்துக்கு?" என்று கேட்டவனுக்கு, "குத்தாலிங்கம் அண்ணாச்சி வேண்டாம்னுட்டாராம்ல" என்று வாயில் சீனியோடு சொன்னார்கள். வாசற்படிக்கு வெளியே சொல்லப்பட்ட சொல் ஆனதால் அது எங்கேயும் விழவில்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவி, ஓடைக்கரையெல்லாம் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.